பாயிண்ட் போட்டால் மார்க் வருமா?

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் ஹைதராபாத்தில் பிள்ளைகள் காதில் ஓயாமல் விழுவது ஒரே அறிவுரைதான்: "பாயிண்ட் பாயிண்டா எழுது." சி.பி.எஸ்.இ. பள்ளியானாலும் சரி, மாநில வாரியமானாலும் சரி. பத்மாராவ் நகர்த் தமிழ் வீடுகளிலும் இதே பேச்சு. பாதி சரியான அறிவுரை. மீதிப் பாதியில்தான் மார்க் போகிறது.

நம்பிக்கை: எந்தப் பாடமானாலும் பாயிண்ட் போட்டால் முழு மார்க்.

கேள்வி என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். "ஏதேனும் ஐந்து அம்சங்களைக் குறிப்பிடுக" என்றால் தாராளமாக எண் போட்டு எழுதலாம். தமனிக்கும் சிரைக்கும் வேறுபாடு கேட்டால் அட்டவணையே போட்டுவிடலாம். "ஏன்", "எப்படி" என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

நம் மூசி ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 1908 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஹைதராபாத்தைக் காக்க என்ன செய்தார்கள், ஏன்? இதற்கு ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வையுங்கள்:

• 1908இல் பெரும் வெள்ளம்
• விஸ்வேஸ்வரய்யாவின் திட்டம்
• உஸ்மான் சாகர் (1920), இமாயத் சாகர் (1927)

மூன்றும் சரி. ஆனால் ஏரி கட்டினால் வெள்ளம் எப்படி அடங்கும் என்பது விடையில் எங்குமே இல்லை. பெருமழை நீர் ஒரேயடியாக ஊருக்குள் புகுந்தது. ஆகவே ஊருக்கு மேற்புறமே, மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும், நீரைத் தேக்கி அளவாகத் திறந்துவிட வழி செய்தார்கள். கேட்ட கேள்விக்கு விடை இந்த 'ஆகவே'யில் இருக்கிறது. அவசரமாகப் பாயிண்ட் போடும் பிள்ளை முதலில் விடுவதும் இதைத்தான். எண் போட்டாலும், ஒவ்வொன்றையும் காரணத்தோடு முழு வாக்கியமாக எழுதினால் குறையில்லை.

மாநில வாரியச் சமூக அறிவியல் தாளில் ஒரு பத்தியைத் தந்து கருத்தைக் கேட்பார்கள். அங்கே பட்டியல் போட்டால் அது கருத்தாகாது.

நம்பிக்கை: மொழிப் பாடத்தில் பாயிண்டே கூடாது.

கடிதத்திலும் கட்டுரையிலும் கோவையாக எழுதத்தான் வேண்டும். ஆனால் சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தில் வரும் நோட் மேக்கிங்கில் தலைப்பு, உட்தலைப்பு, சுருக்கக் குறிகள்தான் வேண்டும். முழு வாக்கியமாக எழுதுவதுதான் அங்கே தப்பு.

நம்பிக்கை: திருத்துபவர் பத்தியைப் படிக்கவே மாட்டார்.

இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. கட்டுக் கட்டாகத் திருத்துகிறவருக்கு, இடைவெளியே இல்லாத ஒரு பக்கப் பத்தி கண்ணுக்குச் சோதனைதான். அதற்குச் சின்னச் சின்னப் பத்திகளாகப் பிரித்து, முக்கியச் சொல்லை அடிக்கோடிட்டால் போதும். சி.பி.எஸ்.இ. வெளியிடும் மதிப்பெண் திட்டத்திலேயே, தரப்பட்ட குறிப்புகள் வழிகாட்டி மட்டுமே, மாணவர் சொந்த நடையில் சரியாக எழுதியிருந்தால் உரிய மார்க் தர வேண்டும் என்று திருத்துபவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திட்டம் இணையத்தில் கிடைக்கிறது. பெற்றோர் இதைப் படித்துப் பார்க்காமலே பிள்ளையை விரட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால் விடைத்தாளையே கேட்டு வாங்கலாம். திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் பார்க்கலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மதிப்பெண் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வரிக்கு மார்க் விழுந்தது, எதற்கு விழவில்லை என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.