மலையேறும் உப்பும் மறையும் அயடீனும்

அரிசியில் கல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பால்மா பழுதானால் மூக்குக்குத் தெரியும். மிளகாய்த்தூளில் கலப்படம் என்றால்கூடச் சமைக்கும் உம்மாவுக்கு ஒரு சந்தேகமாவது எழும். ஆனால் உப்பில் அயடீன் போதியளவு இருக்கிறதா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ அறிய முடியாது. அயடீன் உள்ள உப்பும் இல்லாத உப்பும் கறியில் ஒரே சுவைதான். ஆகவே உப்பின் தரத்தை நாம் முழுக்க முழுக்கப் பிறருடைய அளவீட்டை நம்பியே வாங்குகிறோம். அந்த அளவீடு எங்கே தொடங்குகிறது, ஹட்டன், நுவரெலியாக் கடைகளுக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

நமக்குத் தேவைப்படும் அயடீன் மிகச் சொற்பம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்குரோகிராம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்குரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி இதைக் கொண்டுதான் தைரொக்சினைத் தயாரிக்கிறது. அயடீன் குறைந்தால் சுரப்பி வீங்கும். அதைத்தான் கண்டமாலை என்கிறோம். கழுத்து வீக்கம் வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. அதைவிடப் பெரிய சேதம், தாயின் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு நேர்வது. அது பல ஆண்டுகள் கழித்து வகுப்பறையில்தான் வெளிப்படும். அப்போது அதைத் திருத்த வழியில்லை. கொழுந்துக்கூடையோடு மலையேறும் ஒரு தாய்க்குக் கடல்மீன் அன்றாடம் கிடைப்பதில்லை. உப்பு மட்டுமே அவளது குசினியில் ஒரு நாளும் தவறாமல் இருக்கும் பொருள்.

கடலோரத்தில் வாழ்பவர்களுக்குக் கண்டமாலை வராது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் 59,000இற்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு அதைப் பொய்யாக்கியது. மொத்தத்தில் 18.8 வீதமான பிள்ளைகளுக்குக் கண்டமாலை இருந்தது. மிகக் கூடிய வீதம், 30.2, பதிவானது கடலை ஒட்டிய களுத்துறையில். மிகக் குறைந்த 6.5 வீதம் கடலே இல்லாத மாத்தளையில். கடலுக்கு எவ்வளவு தூரம் என்பதல்ல, மண்ணிலும் நீரிலும் அயடீன் எவ்வளவு என்பதே கேள்வி. மழை மிகுந்த ஈரவலயமே இந்நோயின் பிரதான இடமாக இருந்து வந்துள்ளது.

இதன் பின்னரே, 1995 முதல், மனித நுகர்வுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக்கப்பட்டது. உற்பத்தியிடத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், விற்பனையிடத்தில் 25 மில்லிகிராம் என்பது அப்போதைய அளவு. இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். வழியில் பாதி போய்விடலாம் என்று சட்டமே எதிர்பார்த்திருக்கிறது! 2005இல் இது 15 முதல் 30 மில்லிகிராம் வரை எனத் திருத்தப்பட்டது. ஏன் குறைத்தார்கள்? அயடீன் மிகையானாலும் தைரொயிட்டுக் கெடும். நெடுநாள் குறைபாட்டில் இருந்தவர்களுக்குச் சுரப்பி அளவுமீறி இயங்கத் தொடங்கலாம். ஆகவே அயடீன் உப்பில் கூடுதலாகச் சேர்ப்பது தரமாகாது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் நடுவே நிற்பதுதான் தரம்.

உற்பத்திக்கு வருவோம். க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் உப்பளம் பற்றிப் படித்திருக்கிறோம். அம்பாந்தோட்டை, புத்தளம், ஆனையிறவு போன்ற வெயில் மிகுந்த உலர்வலயக் கரைகளில் கடல்நீர் பாத்தி பாத்தியாக மாற்றப்படுகிறது. முதலில் கல்சியம் சேர்வைகள் படிகின்றன. பிறகு சோடியங்குளோரைட்டு படிகிறது. மகனீசியம் உப்புகள் கசப்பான தாய்த்திராவகத்தில் எஞ்சுகின்றன. அறுவடை செய்த உப்பை உடனே விற்காமல் ஏறக்குறைய ஆறு மாதம் குவித்து வைப்பார்கள் என்றும் படித்தோம். பரீட்சைக்கு மனனம் செய்த அந்த ஒரு வரிக்குள் பெரிய விடயம் இருக்கிறது. மகனீசியங்குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து வடிந்துவிடும். அது வடியாமல் உப்பிலேயே தங்கினால், பக்கற்றுக்குள்ளும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் வந்தால் அயடீன் நிலைக்காது. ஆகவே அயடீன் உப்பின் தரக்கட்டுப்பாடு அயடீன் சேர்க்கும் இயந்திரத்துக்கு முன்பே, உப்புக் குவியலிலேயே தொடங்கிவிடுகிறது.

நம் நாட்டில் சேர்க்கப்படுவது அயடீன் அல்ல, பொட்டாசியம் அயடேற்று. பொட்டாசியம் அயடைட்டு ஈரத்திலும் வெப்பத்திலும் விரைவில் சிதையும். அயடேற்று அதைவிட உறுதியானது. அதன் நிறையில் 59.3 வீதம் அயடீன். கணக்குப் பாருங்கள்: கிலோவுக்கு 25 மில்லிகிராம் அயடீன் வேண்டுமானால் 1,000 கிலோ உப்புக்கு அயடேற்று 42 கிராம் மட்டும் போதும். உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு தூள் ஒரு தொன் உப்பில் ஒவ்வொரு தேக்கரண்டிக்கும் ஒரே அளவாகப் போய்ச்சேர வேண்டும். அதனாலேயே அதை நீரில் கரைத்து, நகரும் உப்பின்மீது விசிறித் திருகுக் கலவைப் பொறியில் புரட்டுகிறார்கள். விசிறும் குழாய் சற்று அடைத்தாலோ உப்பின் வேகம் மாறினாலோ ஒரு மூடையில் குறையும், மறுமூடையில் கூடும். எனவே நாளுக்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதிப்பது போதாது. குறித்த நேர இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இனி லொறி புறப்படுகிறது. நாட்டின் மிக வறண்ட இடங்களில் விளையும் உப்பு, வட்டவளை, கினிகத்தேனை வழியாக நாட்டின் மிக ஈரமான இடங்களுக்கு ஏறுகிறது. தென்மேற்குப் பருவ மழையில் தார்ப்பாய் கிழிந்த ஒரு லொறி போதும். அயடேற்று இருப்பது உப்புக் கற்களின் மேற்பரப்பில். ஈரம் பட்டதும் அது கரைந்து மெல்ல மெல்ல மூடையின் அடிக்கு இறங்குகிறது; சணல் சாக்கானால் வெளியேயும் கசிந்துவிடும். உட்பக்கம் பொலித்தீன் உறையிட்ட மூடை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கடையில் மூடையை வெறுஞ்சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமீது வைப்பதும், வாயைத் திறந்தபடி விடாமல் கட்டிவைப்பதும் செலவில்லாத தர முகாமைத்துவம். வாப்பாமார் கடை வைத்திருக்கும் மாணவிகள் இதை வீட்டில் சொல்லலாம். கொள்வனவுப் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மாதிரி தரம் குறைந்ததென்றால் முதலில் கேள்வி கேட்கப்படுவது விற்றவரிடம்தான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வரும்போது கையில் கொண்டுவரும் சிறு குப்பியில் மாப்பொருளும் அமிலமும் அயடைட்டும் கலந்த கரைசல் இருக்கும். உப்பின்மீது ஒரு துளி விட்டால் நீலநிறம் தோன்றும். இது அயடேற்று உண்டா இல்லையா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று நம்பிச் சொல்லாது. அளவை அறியவும் சட்ட நடவடிக்கைக்கும் மாதிரியை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பவேண்டும். வீட்டில் சோற்றுக் கஞ்சியும் தேசிக்காய்ச் சாறும் விட்டு நிறம் வரவில்லை என்று உப்பைக் குறைசொல்பவர்கள் உண்டு. அயடைட்டு இல்லாமல் அயடேற்றிலிருந்து அயடீன் வெளிப்படாது. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

2025இல் மழையால் உப்பு விளைச்சல் பாதிக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்யப்பட்டதும் கடைகளில் உப்புக்கு அலைந்ததும் நினைவிருக்கும். இத்தகைய நாட்களில்தான் பெயரில்லாத உப்பும் உதிரி உப்பும் தலைகாட்டும். பஞ்ச காலத்தில் பரிசோதனை இரட்டிப்பாக வேண்டும் என்பது என் கருத்து; கிடைத்ததே போதும் என்று நாம் நினைக்கும் நேரம் அது. இன்னொன்று: நகர்க் கடைகளில் இப்போது பெருமையாக அடுக்கப்படும் இளஞ்சிவப்பு இமாலய உப்பில் பொதுவாக அயடீன் சேர்க்கப்படுவதில்லை. விலையைப் பார்த்து மயங்கவேண்டாம்.

கடைசிக் கண்ணி நம் குசினி. கல்லுப்பைக் கழுவிப் போடும் பழக்கம் லயங்களிலும் உண்டு, வீடுகளிலும் உண்டு. கழுவும் நீரோடு அயடேற்றும் போகிறது. அடுப்புக்கு மேலே திறந்த சிரட்டையில் வைத்த உப்பு ஆவியையும் புகையையும் வாங்கித் தண்ணீர் விடும். மூடியுள்ள போத்தலும் காய்ந்த கரண்டியும் போதும். சமையலில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அயடீன் இழக்கப்படலாம் என்பதால், கறி இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நல்லது. அயடீனுக்காக உப்பைக் கூட்டக்கூடாது. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

நாடளாவிய ஆய்வுகளில் பாடசாலைப் பிள்ளைகளிடையே கண்டமாலை 2000-2001இல் 20.9 வீதமாக இருந்து 2010இல் 4.4 வீதமாகக் குறைந்தது. உப்பில் போட்ட ஒரு சிட்டிகை அயடேற்றின் வேலை இது. நாடளாவிய சராசரி என்பதையும் மறக்கவேண்டாம். ஒரு தோட்டக் கடையின் ஒரு மூடைக்கு அது உத்தரவாதம் தராது.

உயர்தர இரசாயனவியல் மாணவிகள் அந்த ஒரு மூடையைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே சோதிக்கலாம். 10 கிராம் உப்பை 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஐதான சல்பூரிக்கமிலமும் பொட்டாசியம் அயடைட்டும் சேர்த்து, 10 நிமிடம் இருட்டில் வையுங்கள். வெளியாகும் அயடீனை 0.005 மூலர் சோடியம் தயோசல்பேற்றால் நியமியுங்கள். மஞ்சள் வெளிறியதும் மாப்பொருள் சேர்த்து, நீலம் மறையும் புள்ளியில் அளவியை வாசியுங்கள். ஒவ்வொரு மில்லிலீற்றரும் கிலோவுக்கு 10.58 மில்லிகிராம் அயடீனைக் குறிக்கும். ஈரம் பட்ட மூடையொன்றின் மேற்பகுதி 0.9 மில்லிலீற்றரும் அடிப்பகுதி 3.9 மில்லிலீற்றரும் தந்ததாகக் கொள்வோம். மேலே 9.5, கீழே 41.3, சராசரி 25.4. தாளில் மூடை சித்தி. ஆனால் மேல் உப்பை வாங்கிய வீட்டில் 5 கிராமில் கிடைப்பது 48 மைக்குரோகிராமுக்கும் குறைவு, சமைத்தபின் 38. மாதிரியை எங்கிருந்து எடுத்தோம் என்று பெறுபேற்றின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.