நடுவில் ஒரு தேர்வு: நன்றாகப் படிப்பவர்க்கு அது தேவையா?



2025 ஆகஸ்டு மாதம். பதினொன்றாம் வகுப்பினுள் நான் நுழைந்தபோது ஒரே ஆரவாரம். பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொதுத் தேர்வு அவ்வாண்டு முதல் இல்லை என்ற அறிவிப்பு வந்திருந்த சமயம் அது. எப்போதும் முதல் மதிப்பெண் பெறும் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், பொதுத் தேர்வுதான் இல்லையே! நன்றாகப் படிக்கிற நாங்கள் இப்போதே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கினால் என்ன?" என்று கேட்டாள்.

அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கனவு. நேரத்தை வீணாக்க அவளுக்கு மனமில்லை. அன்று மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகவே விடை சொன்னேன். முழு விடையை இக்கட்டுரையில் தருகிறேன்.

தேர்வு வந்த கதை

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980-இல் நடந்தது. அன்று முதல் பத்தாம் வகுப்பின் இறுதியில் ஒரு பொதுத் தேர்வு, பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் ஒரு பொதுத் தேர்வு என்பதே வழக்கம். இடையிலுள்ள பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியே தேர்வு நடத்தியது.

காலப்போக்கில் இதில் ஒரு கேடு புகுந்தது. பொதுத் தேர்வில் மதிப்பெண்களைக் குவிக்க வேண்டும் என்ற ஆசையால், பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைப் பெயரளவில் நடத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் கற்பித்தன. மதிப்பெண்கள் மலைபோல் வந்தன. ஆனால் அகில இந்திய நுழைவுத் தேர்வுகளிலும், பொறியியல் முதலாண்டுக் கணிதத்திலும் நம் பிள்ளைகள் திணறினர்.

இக்குறையைப் போக்கவே 2017-இல் அரசு பிளஸ் ஒன் பொதுத் தேர்வை அறிவித்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. பிளஸ் ஒன்னுக்கு 600, பிளஸ் டூவுக்கு 600, இரண்டும் சேர்த்து மேற்படிப்புக்குக் கணக்கு என்பதே முதல் ஏற்பாடு. ஆனால் 2018 செப்டம்பரிலேயே, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அது மாற்றப்பட்டது. அதன்பின் தேர்வு இருந்தது, அதன் பிடி தளர்ந்துவிட்டது. 2025 ஆகஸ்டு 8-ஆம் நாள் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது.

வேண்டாம் என்பாரின் வாதம்

நடுத் தேர்வு வேண்டாம் என்பாரின் பக்கமும் நியாயம் உண்டு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத் தேர்வு என்றால் இளம் உள்ளம் களைத்துப் போகும். விளையாட்டும் நூலகமும் மறந்து போகும். முன்னே ஓடக்கூடிய மாணவியை ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் நிறுத்தி வைப்பானேன் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே 1951-இல் சாதாரண நிலை, உயர்நிலை என்ற இரு தேர்வுகளைக் கொண்டு வந்தபோது, ஒரு பாடத்தில் உயர்நிலை வரை செல்லக்கூடிய திறமையுள்ள மாணவர் அப்பாடத்தின் சாதாரண நிலைத் தேர்வைத் தாண்டிச் செல்ல இடம் இருந்தது.

நம் நாட்டிலும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-இல் இத்தகைய முடிவை எடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே பள்ளியில் தொடர்வோர், 2011 முதல் பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வுக்குப் பதிலாகப் பள்ளித் தேர்வை எழுதலாம் என்றனர். சில ஆண்டுகளில் படிப்பின் தரம் தளர்கிறது என்ற குறை எழுந்தது. 2018 மார்ச்சில் வாரியத் தேர்வு மீண்டும் எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு நடந்த அதே மாதம் அது!

கணித மேதை கண்ட தடை

"இராமானுஜன் இடைத் தேர்வில் தேறவில்லையே, அவர் மேதை ஆகவில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர் வரலாற்றைச் சற்று உற்று நோக்குவோம்.

அந்நாளில் கல்லூரியில் இரண்டாண்டு பயின்று எஃப்.ஏ. என்னும் தேர்வில் தேறினால்தான் பி.ஏ. வகுப்புக்குப் போக முடியும். சீனிவாச இராமானுஜன் 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1907-இல் மீண்டும் எழுதியும் பயனில்லை. வறுமையில் உழன்று, 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் ஆனார். அவர் கணக்கின் அருமையை உணர்ந்த சிலர் முயன்றதால் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் வழி விடுவோம் என்ற கண்டிப்பு, ஒரு மேதையைச் சில ஆண்டுகள் தெருவில் நிறுத்திவிட்டது. இது தேர்வின் குற்றம். ஆனால் கையில் சான்று இல்லாதவருக்கு, மேதையாயினும், உலகம் எளிதில் கதவு திறப்பதில்லை என்பதையும் மறவாதீர்கள். அவருக்குத் திறந்த பக்கவாசல் நம் எல்லாருக்கும் திறக்கும் என்று நம்பியிருக்க முடியுமா?

விட்டுவிட்டால் விடுபடுவது எது?

பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். கணிதத்தில் எல்லை, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் ஆகியவை அங்கேதான் தொடங்குகின்றன. பன்னிரண்டில் வருபவை அவற்றின் பயன்பாடுகள். வேதியியலில் மோல் கருத்தும் வேதிப் பிணைப்பும், விலங்கியலில் செரித்தல், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம் ஆகியவையும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களே. மருத்துவராக விரும்பும் பெண் மனித உடலின் இயக்கத்தைப் பற்றிய பாடங்களை விட்டுவிட்டு எதைப் படிப்பாள்? நீட் தேர்வின் 180 வினாக்களும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன.

வணிகவியல் பிரிவு மாணவியர் இது தங்களுக்கு இல்லை என்று எண்ண வேண்டாம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகியவற்றைப் பதினொன்றில் கற்காதவள், பன்னிரண்டில் கூட்டாண்மைக் கணக்கை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

என் அக்காள் மகள் 2017-க்கு முன் பிளஸ் டூ முடித்தவள். அவள் படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தவே இல்லை. கணிதத்தில் 200-க்கு 196 வாங்கினாள். வீடெங்கும் இனிப்பு வழங்கினோம். பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்திலேயே கணிதத்தில் தவறிவிட்டாள். "சித்தி, எல்லாருக்கும் தெரிந்ததுபோல ஆசிரியர் நடத்திக்கொண்டே போகிறார். எனக்குத்தான் தொடக்கமே தெரியவில்லை" என்று அழுதாள். அவள் அறிவு குறைந்தவள் அல்லள். ஒரு படியைத் தாண்டி ஏற்றிவிடப்பட்டவள்.

இன்னொரு செய்தி. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடக்கவில்லை. அப்போது மதிப்பெண் கணக்கிடப் பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடும், பதினொன்றாம் வகுப்புக்கு 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அக மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடும் தரப்பட்டன. "இந்தத் தேர்வு எதற்கும் உதவாது" என்று அலட்சியமாக எழுதியவர்கள் அன்று வருந்தினர்.

பத்தாம் வகுப்பு வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு ஒரு மைல்கல் போன்றது. பத்தாம் வகுப்புத் தேர்வோ ஒரு வாசல். பாலிடெக்னிக் சேரவும், தொழிற்பயிற்சி நிலையங்களின் பல பிரிவுகளில் சேரவும், குரூப் நான்கு தேர்வு எழுதவும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரக் குப்பங்களில், தந்தையின் படகு பழுதானாலோ தாய் நோயுற்றாலோ படிப்பை நிறுத்தும் பெண்கள் உண்டு. அவர்கள் கையில் எஞ்சி நிற்பது அந்த ஒரு தாள்தான். நன்றாகப் படிக்கிறவளுக்கு அது தேவையில்லை என்று யார் சொல்ல முடியும்? நாளை என்ன நேரும் என்று எவரும் அறியோம்.

இரண்டு கோயில்கள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் சென்று மாமல்லபுரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள ஐந்து ரதங்கள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தவை. சிலவற்றின் அடிப்பகுதி இன்றும் முற்றுப்பெறாமல் நிற்கிறது. ஆயினும் அவை விழவில்லை. ஏனெனில் அடியில் இருப்பது இயற்கையான பாறை. கடற்கரைக் கோயிலோ கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. அதில் நடு வரிசைக் கற்களை விட்டுவிட்டுக் கோபுரம் எழுப்ப இயலாது.

நம் படிப்பு கடற்கரைக் கோயிலைப் போன்றது.

நாம் செய்ய வேண்டுவது

தேர்வை விட்டுவிடலாம், பாடத்தை விடலாகாது. இதுவே என் விடை. அரசுத் தேர்வு இல்லாத ஆண்டில் நம்மை நாமே சோதித்துக்கொள்ளும் பொறுப்பு கூடுகிறது. 2018 முதல் 2025 வரை நடந்த பிளஸ் ஒன் பொதுத் தேர்வுகளின் வினாத்தாள்கள் இருக்கின்றன. பள்ளியின் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் அவற்றுள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். தவறிய வினாக்களைத் தனி ஏட்டில் குறியுங்கள். அப்பாடத்தைத் தோழி ஒருத்திக்குச் சொல்லிக் கொடுங்கள். தடையின்றிச் சொல்ல முடிந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவி என் சொல்லைக் கேட்டாள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஆண்டு முழுதும் டியூஷனில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே படித்தாள். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் பழைய கணித வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். 90-க்கு 52. நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் ஆசிரியர் அறைக் கதவருகே வந்து நின்றாள். கையில் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகம். "டீச்சர், ஒன்பதாம் பாடத்திலிருந்து தொடங்கலாமா?" என்றாள். தொடங்கினோம்.

சிந்திக்க

1. பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2018-இல் ஏன் வந்தது? அக்காரணம் இன்று நீங்கிவிட்டதா?
2. மைல்கல்லாகும் தேர்வுக்கும் வாசலாகும் தேர்வுக்கும் வேறுபாடு என்ன?
3. உங்கள் பாடங்களுள் பன்னிரண்டாம் வகுப்புக்கு அடித்தளமாகும் பதினொன்றாம் வகுப்புப் பகுதிகள் எவை? பட்டியலிடுக.