மலையும் நம் கைமுதல்

வனச் சட்டம் என்றாலே வியாபாரத்துக்குத் தடை என்ற எண்ணம் செட்டியார்பட்டி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வணிகர்களாகிய நம்மிடம் உண்டு. கணக்குப் பார்த்தால் அது பாதி உண்மையே.

நமது மேற்கு மலையில் 1988-ல் சாம்பல்நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இந்த அணில் கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. தரையில் இறங்குவது அரிது. எனவே அதற்கு அடர்ந்த மரங்கள் வேண்டும். அதே மரங்கள்தான் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்கும் கண்மாய்க்கும் விடுகின்றன. கண்மாய் பெருகினால் விளைச்சல். விளைச்சல் இருந்தால்தான் கடையில் வரவு. லாபத்தை எடுக்கலாம், கைமுதலைக் கரைக்கலாகாது.

அடிவாரத் தோப்புகளுக்கும் அணில் வரும்; மாங்காயைக் கடித்தால் நஷ்டம்தான். கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆகவே காய் கொள்முதல் செய்கையில் அந்தச் சேதாரத்தில் நாமும் பங்கேற்போம். முழுவதையும் விவசாயி தலையில் கட்டுவது நியாயமன்று.

சட்டத்திலும் நியாயம் கேட்க வழியுண்டு. தேசியப் பூங்காக்களையும் வனவிலங்குச் சரணாலயங்களையும் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் கட்டுப்பாட்டு வளையம் வேண்டும் என 2022 ஜூனில் உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், மக்களின் சிரமம் எடுத்துரைக்கப்பட்டதும் 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. சுரங்கத் தடையை மட்டும் நீடித்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை:

1. உடும்பு எண்ணெய், மயில் எண்ணெய், நரிக்கொம்பு, கீரிமுடித் தூரிகை ஆகியவற்றை வாங்கவோ விற்கவோ கூடாது.
2. தேன், கடுக்காய், நெல்லிக்காய் வந்தால் எங்கிருந்து வந்தது என விசாரித்து, பில் பெற்றுக் கொள்முதல் செய்க.
3. குறையிருந்தால் தனித்தனியே முணுமுணுக்காமல், சங்கம் மூலம் எழுத்தில் மனுக் கொடுப்போம்.