இழந்த விண்டோஸ் தகடுகள்

நாம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கமொன்றில், பழுது பார்க்க அனுப்பிய கணினி திரும்பி வந்திருந்தது. உடன் அனுப்பிய விண்டோஸ் 10 தகடுகள் வரவில்லை. உரிமம் செல்லாதென்று திரையும் அறிவித்தது. பழுது பார்த்தவரோ புதிய தகடுகளுக்கு விலை கூறினாராம்! காரியதரிசி வவுச்சரும் எழுதிவிட்டார். அதனை நாம் நிறுத்தினோம்.

பங்குப் பத்திரம் தொலைந்தால் பங்கு தொலைவதில்லை; அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் உள்ளதன்றோ? தகடும் அத்தகையதே. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், தயாரிப்பாளரே நிறுவி விற்கும் கணினிகளில் உரிமக் குறியீடு பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். ஹோம் பதிப்புக்குரிய கணினியில் அவர் புரோ பதிப்பை ஏற்றியிருந்ததே கோளாறு.

நிறுவும் கோப்பு மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் இலவசம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. கணினி ஏற்றதாயிருந்தமையால் 11-ஐ நிறுவினோம். பழைய உரிமமே அதற்கும் செல்லும். நூல் இருப்பு, கூலிக் கணக்குகளை முன்னதாகப் பிரதியெடுத்துக்கொண்டோம். புதிதாக நிறுவுங்கால் அவை அழிந்துவிடும்.

தாய்ப்பலகையை மாற்றியிருந்தால் உரிமமும் அதனோடு போயிருக்கும். அனுப்புமுன் அதன் வரிசை எண்ணை எவரும் குறித்துவைக்கவில்லை. இணையத்தில் இணைத்ததும் உரிமம் தானாகவே ஏற்கப்பட்ட பின்னரே, பலகை பழையதென்று காரியதரிசி ஆறுதலுற்றார். வவுச்சர் ரத்தாயிற்று.