மின்னல், இடி, நுண்ணலை

குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவதை யாவரும் அறிவர். ஒளியும் ஒலியும் அவ்வாறே அலைகளாய்ப் பரவுகின்றன. ஆயினும் அவற்றின் வேகம் ஒன்றன்று. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். காற்றில் ஒலியோ ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். ஆகவேதான் மின்னல் முன்னும் இடி பின்னுமாக வருகின்றன.

இவ்வேறுபாடு உழவர்க்கு உயிர்காக்கும் அளவுகோலாகும். மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ணுக. 3 நொடிக்கு 1 கிலோமீட்டர் எனக் கொள்க. 30 நொடிக்குள் இடி கேட்பின் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது. அடுத்தது நம் வயலிலும் விழக்கூடும். உடனே வேலையை நிறுத்தி, உறுதியான கட்டடத்திற்குள் செல்லுதல் வேண்டும். மரத்தடியில் ஒதுங்குதல் ஆகாது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் காத்திருத்தல் வேண்டும்.

நுண்ணலைகள் ஒளியின் இனத்தவையே. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாதவை. 2002-ஆம் ஆண்டு சென்னையில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. இத்தகைய ரேடார்கள் வானில் செலுத்தும் நுண்ணலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. அவற்றைக் கொண்டு மழைமேகம் இருக்குமிடமும் நகரும் திசையும் அறியப்படுகின்றன. வானிலை எச்சரிக்கை கிடைத்தவுடன், அதனை ஒலிபெருக்கி வாயிலாக வயல்வெளிக்கு எட்டச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.