ஆற்றைக் காக்கும் ஈரநிலம்

யமுனோத்திரியில் தோன்றும் யமுனை, 1,376 கி.மீ. ஓடிப் பிரயாக்ராஜில் கங்கையுடன் கலக்கிறது. தில்லியில் வசீராபாத் முதல் ஓக்லா வரை அது கடக்கும் தொலைவு 22 கி.மீ. மட்டுமே. எனினும், ஆற்றின் மாசில் பெரும்பகுதி இச்சிறு தொலைவிலேயே சேர்கிறது. நகரின் வடிகால்கள் சுமந்துவரும் கழிவுநீரே இதற்குக் காரணம். ஆதலால், ஆற்றைத் தூய்மையாக்க விரும்புவோர் முதலில் வடிகால் நீரைத் தூய்மையாக்க வேண்டும்.

அதற்கு உதவும் எளிய முறைகளுள் ஒன்று செயற்கை ஈரநிலம். முதலில் கழிவுநீர் ஒரு குட்டையில் தேக்கப்படும். கசடு அடியில் படியும். பின்னர் அந்நீர், கூழாங்கற்கள் பரப்பிய படுகை வழியே மெல்லச் செல்லும். அங்கே நாணல், சம்பங்கோரை போன்ற தாவரங்கள் வளர்க்கப்படும். அவை காற்றிலிருந்து பெறும் உயிர்வளியைத் தண்டின் வழியே வேர்களுக்கு அனுப்பும். கற்களிலும் வேர்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதன் துணையால் கழிவைச் சிதைக்கும். நீரில் மிகுந்துள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளில் ஒரு பகுதியைத் தாவரங்கள் உணவாகக் கொள்ளும்.

தென்தில்லியின் நீலா ஹௌஸ் ஏரி இதற்குச் சான்று. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டுப் பாலம் கட்டியபோது, இடிபாடுகள் ஏரியில் கொட்டப்பட்டன, கழிவுநீரும் சேர்ந்தது. அப்பகுதி வாழ் மக்கள் வழக்குத் தொடுத்தனர். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் அங்கே செயற்கை ஈரநிலம் அமைக்கப்பட்டது. ஏரி மீண்டது, பறவைகளும் திரும்பின.

ஆயினும், இம்முறை அமைத்தவுடன் தானே நடப்பதன்று. முற்றிய தாவரங்களை அறுத்து அகற்றாவிடில், அவை அழுகி, உண்ட சத்தை நீரிலேயே கலந்துவிடும். ஆலைக்கழிவில் உள்ள உலோக நஞ்சை நுண்ணுயிர்களால் சிதைக்க இயலாது. அதனை ஆலையிலேயே தடுத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஈரநிலத்திற்கு இடம் தேவை. தாழ்ந்த நிலத்தையெல்லாம் வெற்றிடமென எண்ணி நிரப்பிவிட்டால், பின்னர் ஈரநிலம் அமைக்க நகரில் இடமே இராது.

சொற்பொருள்
கசடு – அடியில் படியும் அழுக்கு
உயிர்வளி – ஆக்சிஜன்
சான்று – எடுத்துக்காட்டு

பயிற்சி
1. பிரித்து எழுதுக: நுண்ணுயிர், அந்நீர்.
2. எதிர்ச்சொல் தருக: தூய்மை, தாழ்ந்த.
3. முற்றிய தாவரங்களை அகற்ற வேண்டுவது ஏன்?
4. செயற்கை ஈரநிலத்தில் நீர் தூய்மையாகும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.
5. உம் பள்ளியின் கழிவுநீர் எங்குச் செல்கிறது? கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.