மடையைத் திறந்தவரே அடைக்க வேண்டும்
பத்திரங்களை இணையத்தின் மூலம் பகிர்வது பற்றிய ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பம் எதை விட்டு வந்தாலும் பத்திரப் பையை விட்டு வருவதில்லை. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாகப் பதிவுகள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்பன ஒரு பொலித்தீன் பைக்குள் ஊர் ஊராக எம்மோடு வந்திருக்கின்றன. வீடு இடிந்தாலும் வயல் பற்றைக்காடானாலும் அது எமது காணி என்று சொல்ல எம்மிடம் எஞ்சியிருப்பவை இந்தக் கடதாசிகளே.

இப்போது பல குடும்பங்கள் இவற்றைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து இணையத்தில் சேமித்து வைக்கின்றன. இது நல்ல பழக்கம். வெள்ளமோ நெருப்போ கறையானோ அந்தப் பிரதியைத் தொடாது. ஆனால் அதே பிரதியை மற்றவருக்குக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். ஒரு வயலுக்குத் தண்ணீர் விட மடையைத் திறக்கிறோம். பாய்ந்து முடிந்ததும் அடைக்காவிட்டால் தண்ணீர் நாம் நினையாத இடத்துக்கெல்லாம் போய்விடும். பத்திரங்களைப் பகிர்வதும் அப்படித்தான்.

பிரதி பிறர் கையில் போனால் என்ன நடக்கும்?

முதலில் அடையாள அட்டையைப் பார்ப்போம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எனவே 75532 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டவர், அது 1975 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண்ணுடையது என்று உடனே அறிந்துகொள்வார். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே ஒழுங்குதான். ஆண்டு மட்டும் நான்கு இலக்கங்களில் இருக்கும். பெயர், முகவரி, படம் ஆகியவையும் சேர்ந்து கிடைத்தால், உங்கள் பெயரில் கடன் கேட்கவும் சிம் அட்டை எடுக்கவும் முயல்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது காணி உறுதி. அதில் உரிமையாளர் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர் எல்லாம் இருக்கும். பிரதி போனதால் மட்டும் காணி கைமாறிவிடாது. ஆனால் போலி உறுதி எழுதுபவனுக்கு வேண்டிய விபரம் அனைத்தும் அதில் உண்டு. சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாத காணியிலேயே அவன் கண் வைப்பான். ஆகவேதான் இடம்பெயர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணம்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாய் உறவினர் காணியில் குடியிருக்கிறார். மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். மகன் உறுதியையும் அடையாள அட்டையையும் கூகிள் டிரைவில் ஒரே கோப்புறையில் போட்டு வைக்கிறார். 2012 இல் தொடங்கிய இந்தச் சேவையில் போட்டதை, கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்தால் எந்தக் கைத்தொலைபேசியிலும் திறக்கலாம். காணி விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்று சொன்ன ஒருவருக்கு மகன் அந்தக் கோப்புறையின் இணைப்பை, அதாவது லிங்கை அனுப்புகிறார். அவர் அதை ஒரு வாட்சப் குழுவில் போடுகிறார். ஒரு மாதம் கழித்துத் தாயின் வங்கிப் புத்தகத்தையும் மகன் அதே கோப்புறையில் சேர்க்கிறார்.

இப்போது அந்தக் குழுவிலுள்ள எல்லோரும் வங்கிப் புத்தகத்தையும் பார்க்கலாம். கோப்புறையைப் பகிர்ந்தால், பின்பு அதில் சேர்க்கப்படுவதும் சேர்ந்தே பகிரப்படும். இங்கே யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. மடையை அடைக்க மறந்ததே காரணம்.

பகிரும் வழிகளும் அவற்றின் வேறுபாடும்

1. வாட்சப்பில் படமாக அனுப்புதல். வழியில் எவரும் பார்க்க முடியாதபடி வாட்சப் அதைப் பூட்டித்தான் கொண்டுபோகிறது. ஆனால் பெறுபவரின் போனுக்குப் போனபின் அது அவர் கையில். எல்லோருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் வரைதான் உண்டு. அதற்குள் அழித்தாலும், அவர் சேமித்து வைத்த பிரதி அழியாது. ஒருமுறை மட்டும் பார்க்கும் படமாக அனுப்பும் வசதி 2021 இல் வந்தது. அதையும் இன்னொரு போனால் படம்பிடிக்கலாம்.

2. லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்று பகிர்தல். கூகிள் டிரைவில் இதற்கு எனிவன் வித் த லிங்க் என்று பெயர். லிங்க் யார் கைக்குப் போனாலும் அவர் திறக்கலாம். யார் திறந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. முக்கிய பத்திரங்களுக்கு இந்த வழி வேண்டாம்.

3. பெயர் குறித்த ஒருவருக்கு மட்டும் பகிர்தல். இதற்கு ரெஸ்ட்ரிக்டட் என்று பெயர். நீங்கள் சேர்க்கும் மின்னஞ்சல் முகவரிக்காரர் மட்டுமே திறக்கலாம். வேலை முடிந்ததும் அவர் பெயரை நீக்கலாம். மூன்றிலும் இதுவே பாதுகாப்பானது. இங்கே அவருக்கு வியூவர், அதாவது பார்வையாளர் என்ற உரிமை போதும். எடிட்டர் உரிமை கொடுத்தால் அவர் திருத்தலாம், நீங்கள் தடுக்காவிட்டால் வேறு ஆட்களையும் சேர்க்கலாம்.

கொடுக்க முன் செய்ய வேண்டியவை

பிரதி உண்மையில் தேவையா என்று கேளுங்கள். பல வேலைகளுக்கு அலுவலர் மூலப் பத்திரத்தைப் பார்த்தாலே போதும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. “தம்பி, இந்தப் பிரதி உங்களுக்கு எதற்குத் தேவை? வேலை முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிடுவீர்களா?” என்று சாந்தமாகக் கேட்கலாம். பெற்ற விபரத்தைச் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பாவிக்க வேண்டும் என்பது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

கேட்டதை மட்டும் கொடுங்கள். உறுதியைக் கேட்டவருக்கு வங்கிப் புத்தகம் எதற்கு? ஒவ்வொரு தேவைக்கும் தனிக் கோப்புறை வைத்து, அதில் அந்தத் தேவைக்குரியதை மட்டும் போடுங்கள்.

மறைக்க வேண்டியதைக் கடதாசியால் மறைத்துவிட்டுப் படம்பிடியுங்கள். போனில் உள்ள தூரிகையால் கறுப்பு அடித்தால், சில வேளைகளில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது கீழேயுள்ள எழுத்துத் தெரியும். ஒரு சிறு கடதாசித் துண்டை வைத்து எடுத்த படத்தில் அப்படித் தெரியாது.

பிரதியின் குறுக்கே நோக்கத்தை எழுதுங்கள். முதலில் போட்டோக் கொப்பி ஒன்று எடுத்து, எழுத்துகளின் மேலாகப் பேனாவால் “பிரதேச செயலகக் காணி விண்ணப்பத்துக்கு மட்டும்” என்று எழுதித் திகதியிட்டு, அதைப் படம்பிடித்து அனுப்புங்கள். அந்தப் பிரதியை வேறு தேவைக்குப் பாவிப்பது கடினமாகும். மூலப் பத்திரத்தில் ஒருபோதும் எழுத வேண்டாம்.

கோப்புக்குக் கடவுச்சொல் போட்டால், அதைக் கோப்போடு சேர்த்து அனுப்ப வேண்டாம். தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள்.

கடையில் வேலை செய்யும்போது

தொடர்பு நிலையத்துக் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்தால், எழும்ப முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அச்சிடுவதற்காக இறக்கிய கோப்பை அழித்து, குப்பைத்தொட்டிப் பகுதியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வாட்சப்பைக் கணினியோடு இணைத்திருந்தால், உங்கள் போனில் இணைத்த கருவிகள் என்ற பகுதிக்குச் சென்று துண்டியுங்கள். கடவுச்சொல்லையோ குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீட்டையோ உதவி செய்பவருக்கும் சொல்லக் கூடாது. நீங்களே விசைகளை அழுத்துங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.

கொடுத்த பின் செய்ய வேண்டியவை

யாருக்கு, எந்தப் பத்திரத்தை, எதற்கு, எந்தத் திகதியில் கொடுத்தோம் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதைப் பார்த்து, வேலை முடிந்தவர்களின் பெயரைப் பகிர்வுப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்கினால் அவர் இனித் திறக்க முடியாது. ஆனால் முன்பு இறக்கிய பிரதி அவரிடம் இருக்கும். ஆகையால் கொடுக்க முன் யோசிப்பதே முதற் பாதுகாப்பு.

உறுதி தவறான கையில் போய்விட்டது என்று அறிந்தால், காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி உங்கள் காணியின் பதிவேட்டைப் பார்வையிடுங்கள். புதிய பதிவு ஏதும் விழுந்துள்ளதா என்று அதில் தெரியும். காணி பற்றிய பத்திரம் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிக்கும்படி கேட்கும் கேவியட் என்ற முன்னெச்சரிக்கையையும் அங்கே பதியலாம். இதற்கு ஒரு சட்டத்தரணியின் ஆலோசனை நல்லது. மோசடி நடந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்கி வையுங்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டுப் பத்திரத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட வேண்டாம். காட்டாத உறுதியால் காணி திரும்பாது. தேவையானவருக்குத் தேவையானதைக் கொடுங்கள், வேலை முடிந்ததும் வழியை அடையுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. கடந்த ஓராண்டில் எமது வீட்டுப் பத்திரங்களின் பிரதிகள் யார் யாரிடம் போயின? எதற்காக?
2. கிராம அலுவலரோ நிறுவனமோ வாட்சப் குழுவில் அடையாள அட்டைப் படத்தைப் போடச் சொன்னால், அதை வேறு எவ்வழியில் கொடுக்கலாம்?
3. எமது குடும்பத்தில் இணையக் கணக்கின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? அவர் இல்லாத வேளையில் யார் திறப்பார்?
4. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தமது பகிர்வுப் பட்டியலைத் திறந்து பார்த்து, நீக்க வேண்டிய பெயர்களை நீக்கி வருதல்.